அக்காவின் தோட்டமும் நான் சொல்லாமல் இருந்ததும்

அன்று காலை அக்காவின் கட்டிலருகே இருந்தவர்கள் இவர்கள்: தலைமாட்டில் என் மனைவி தெபோராள். கால்மாட்டில் பக்கத்து வீட்டு மார்த்தம்மாள். ஜன்னலோரம் நாற்காலியில் நம் சபைப் போதகர் ஐயா. அவருக்குப் பக்கத்தில் அக்கா வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை அம்மாள். சுவரோரம் எங்கள் மகள் ரூத். கதவில் நான். ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் வைத்து நின்றேன். அதையும் இருந்ததாகவே எண்ணிக்கொள்ள வேண்டும். வேறு ஒருவரும் இல்லை. பின்னால் யாராவது "என்னை விட்டுவிட்டாயே" என்று வருத்தப்படக் கூடாது என்பதற்காக இந்தப் பட்டியலைத் தெபோராளிடம் மூன்று முறை படித்துக் காட்டினேன். சரியாக இருக்கிறது என்றாள்.

அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. ஒரு வருஷமாகியும் வரவில்லை. துக்கம் இல்லை என்று உறவினர்கள் நினைக்க வேண்டாம். ஒரே பக்கமாகப் படுத்துக் கை மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி இருக்கிறது.

இந்த நினைவு மலரில் எழுதத் தலைமை ஆசிரியை அம்மாளே முன்வந்தார்கள். நான் மூன்றாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தினவன், பிழை வரும், அவர்கள் எழுதினால் அழகாக இருந்திருக்கும். ஆனால் நான் மட்டுமே எழுத வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைவதற்கு முன் இரண்டு வருஷம் ஏழு மாதம் கர்த்தருடைய பந்திக்குப் போகவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோரும் அப்பமும் திராட்சரசமும் வாங்க எழுந்து போகும்போது அக்கா மட்டும் இடத்திலேயே இருந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அக்காவுக்குப் பிடிவாதம் என்று சபையில் பலர் பேசியதும் என் காதில் விழுந்தது. அது பிடிவாதம் அல்ல. காரணம் நான். அதை அக்காவின் பேரிலிருந்து எடுத்து என் பேரில் வைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது பட்டாளம் தங்கும் இதே தண்டில், அதற்குக் கூடாரம் தைப்பவர்கள் குடியிருந்த வரிசையில். எங்கள் தகப்பனாரும் கூடாரம் தைத்தவர். பிளேக் வந்த வருஷம் அம்மா போய்விட்டார்கள். அப்போது அக்காவுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஐந்து. ஊரை விட்டு வெளியே குடிசை போட்டுத் தங்கச் சொன்னார்கள். அங்கே எனக்குச் சோறு பொங்கிப் போட்டது அக்கா. தகப்பனார் அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். அக்காவுக்குக் கல்யாணம் செய்துவைத்த மறு வருஷம் அவரும் போனார். மாப்பிள்ளை அச்சாபீஸில் எழுத்துக் கோப்பவர், நல்ல மனிதர். நான்கு வருஷம் வாழ்ந்தார்கள். பிள்ளை இல்லை. அவர் நெஞ்சுச்சளியில் போனதும் அக்கா ஒரு டிரங்குப் பெட்டியோடு என்னிடம் வந்து, "தையல் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுறாங்களாம், கேட்டுட்டு வந்துட்டேன்" என்றார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பள்ளிக்கூடத்தில் தையல் கற்பித்தார்கள்.

நான் பரீட்சைக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டவன். அக்கா அதற்காக என்னை ஒரு நாளும் குத்திக் காட்டியதில்லை. ரொட்டிக் கடையில் மாவு நிறுக்கும் வேலையில் என்னைச் சேர்த்ததும், தெபோராளைப் பெண் பார்த்ததும், அல்சூர் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்ததும் அக்காதான். வீடு சிறியது. பின்னால் இருந்த இடம் பெரியது. அந்த இடத்தைப் பார்த்துத்தான் அக்கா வீட்டை எடுத்தார்கள்.

அந்த இடத்தில் செம்மண்ணைவிடக் கல் அதிகம். பொறுக்கிக் குவித்தால் அடுத்த மழைக்கு அதே இடத்தில் வேறு கல் மேலே வந்து நிற்கும். "போன மாசந்தானே இங்க பொறுக்கினேன்? எவனாவது கொண்டாந்து கொட்டுறானா?" என்று அக்கா இடுப்பில் கை வைத்து நிற்பார்கள். அன்று மாலை ஜெபத்தில் அதுவே வந்துவிடும். "கர்த்தாவே, என் மனசுலயும் ஒவ்வொரு மழைக்கும் புதுக்கல்லு வருது. நீர் பொறுக்கிப் பொறுக்கிக் களைச்சுப் போகாதேயும்" என்பார்கள். தெபோராள் கண்ணை மூடியபடியே சிரிப்பாள்.

நூல்கோல் பாத்திக்குள் பெருச்சாளி வளை தோண்டியது. அக்கா கண்ணாடிச் சில்லு போட்டு அடைத்தார்கள். அது நான்கு முழம் தள்ளி வேறு வாசல் திறந்தது. அதையும் அடைத்தார்கள். மூன்றாவது வாசல் துவைக்கிற கல்லுக்கு அடியில்.

"இன்னைக்குப் பெருச்சாளிப் பிரசங்கமா அண்ணி?" என்றாள் தெபோராள்.

"ஆமா. சோதனைக்காரன் முன்வாசல்ல வரமாட்டான்னு நீ படிச்சதில்லையா?"

"படிச்சிருக்கேன். ஆனா அவனுக்கு நூல்கோல் புடிக்கும்னு போடலையே."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தால் அடங்க நேரமாகும். கையில் இருந்த களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

எல்லாவற்றிலும் பாடம் தேடியவர்கள் என்றும் சொல்ல முடியாது. ஒரு தடவை பீட்ரூட் நெருக்கமாக முளைத்திருந்தது. இடைவெளி விட்டு மற்றதைப் பிடுங்க வேண்டும். அக்கா பிடுங்கிக்கொண்டே, "ஒண்ணை எடுத்தாத்தான் இன்னொண்ணு தேறும்" என்று ஆரம்பித்தார்கள். பிறகு கை நின்றுவிட்டது. மாப்பிள்ளையை நினைத்தார்கள் என்று எனக்குப் பட்டது. "இதுல பாடம் ஒண்ணும் இல்ல தம்பி. சும்மா வேலைதான்" என்று சொல்லிவிட்டு மீதியைப் பிடுங்கினார்கள்.

இத்தனை பாடுபட்டும் அறுப்பின் பண்டிகைக்கு ஆலயத்தில் வைக்கும்படியாக ஒரு நல்ல காய் அந்தத் தோட்டத்தில் அக்காவுக்குக் கிடைத்ததில்லை. மற்றவர்கள் பூசணியும் வாழைத்தாரும் கொண்டுவருவார்கள். அக்கா கடையில் வாங்கித்தான் வைப்பார்கள். "காசு கொடுத்து வாங்கினது காணிக்கைதான், முதற்பலன் இல்லையே" என்பார்கள். அக்காவின் பந்தி நின்ற அந்த வருஷம் சந்தாபுராப் பக்கமிருந்து வந்த வண்டியில் நன்றாக மக்கிய எரு வாங்கிப் போட்டு, ஒரு பாத்தி முழுவதும் காரட் விதைத்தார்கள். கல்லை மட்டும் பத்து நாள் சலித்தார்கள். மூன்று வாரத்தில் மெல்லிய இலையோடு வரிசையாக எழும்பி நின்றது. கூடவே புல்லும் எழும்பியது.

அக்கா ஒரு கல்யாணத்துக்காக ரயிலேறி வைட்ஃபீல்ட் போயிருந்தார்கள். தெபோராளும் ரூத்தும் கூடப் போனார்கள். நான் தனியாக இருந்தேன். மழை விட்டிருந்தது. அக்காவுக்கு இடுப்பு வலி, வந்து குனியப் போகிறார்களே என்று கவலைப்பட்டு, நானே களை எடுக்க உட்கார்ந்தேன். உதவி செய்யத்தான் உட்கார்ந்தேன். நாலு மணி ரயிலுக்குள் முடிக்க வேண்டுமே என்ற பதற்றம் ஒரு பக்கம். புல்லையும் நாற்றையும் பிரித்துப் பார்க்காமல் கைப்பிடி கைப்பிடியாகப் பிடுங்கினேன். பிடுங்கியதை வேலிக்கு மேலே மார்த்தம்மாளின் ஆட்டுக்கு எறிந்தேன். எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான். களை எடுத்தால் அந்த ஆட்டுக்கு.

பாத்தியின் கடைசிக்கு வந்தபோது கையை மூக்கருகே கொண்டுபோய் வியர்வை துடைத்தேன். கையில் காரட் வாசனை. திரும்பிப் பார்த்தேன். மண் மட்டும் இருந்தது.

மார்த்தம்மாளைப் பற்றி அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவரும் நம் சபையார்தான், விதவை, ஒரே ஒரு கறவை ஆடு வைத்திருந்தார். தாய்ப்பால் இல்லாத குழந்தைகளுக்கு ஆட்டுப்பால் கொடுக்கச் சொல்லி டாக்டர்கள் அனுப்புவார்கள். அதுதான் அவர் பிழைப்பு. எங்கள் வேலியில் ஓர் இடைவெளி உண்டு. அதற்கு முன் இரண்டு தடவை ஆடு அதன் வழியாக வந்து கீரையைத் தின்றிருக்கிறது.

அக்கா வந்தார்கள். பட்டுச் சேலையை மாற்றாமலே பாத்தியைப் பார்க்கப் போனார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்டின் வாயில் காரட் இலை தொங்கியது.

"தம்பி, ஆடு வந்துடுச்சா?"

"நான் உள்ளே இருந்தேன் அக்கா."

நான் சொன்னது இந்த ஒரே வாக்கியம். உள்ளேதான் இருந்தேன், கை கழுவிக்கொண்டு.

அக்காவின் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. "மார்த்தா! உன் ஆடு என் பாத்தியை மொட்டை அடிச்சிடுச்சு!"

"இன்னாக்கா சொல்றே? காலையிலேர்ந்து கட்டிப்போட்ட எடத்துலதான் கீது. வந்து கயித்தைப் பாரு."

"அப்போ அது வாயில இருக்கறது என்ன, ஜெபப் புஸ்தகமா?"

"உங்க வூட்டுலதானே களை புடுங்கிப் போடுறீங்க! உன் தம்பியைக் கேளு!"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கிணற்றைப் பார்த்தேன். நான் பேசாமல் இருந்ததை அக்கா "நான் போடவில்லை" என்று எடுத்துக்கொண்டார்கள். தம்பி பொய் சொல்ல மாட்டான் என்று அவர்களுக்கு ஒரு எண்ணம்.

அடுத்த வாரம் அந்த ஆடு உண்மையாகவே கயிறறுத்துத் தெருவில் சுற்றியது. அக்கா கோபத்தில் ஆளனுப்பி, தெருவில் திரியும் ஆடுமாடுகளை அடைக்கும் பவுண்டில் அதை அடைக்கச் செய்தார்கள். அபராதம் கட்ட மார்த்தம்மாளிடம் காசு இல்லை. கெடு தாண்டியதும் பவுண்டிலேயே ஏலம் போட்டுவிட்டார்கள். ஆடு அப்போது சினையாக இருந்தது. மார்த்தம்மாள் அதன் பிறகு பங்களாக்களில் பாத்திரம் துலக்கப் போனார்.

அடுத்த முதல் ஞாயிறு மார்த்தம்மாள் பந்திக்கு எழவில்லை. அக்காவும் எழவில்லை. இந்தப் பக்கம் மூன்றாம் வரிசையில் அக்கா, அந்தப் பக்கம் தூணருகே அவர். போதகர் ஐயா வீட்டுக்கு வந்து பேசினார்கள். அக்கா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "மன்னிச்சேன்னு வாய் சொல்லுது ஐயா. வேலிப் பக்கம் போனா மனசு ஆட்டைத்தான் தேடுது. இதை வெச்சிக்கிட்டு நான் எப்படிக் கை நீட்டுறது?"

நான் மாதந்தோறும் போனேன். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே என்று பயந்து போனேன். வாங்கிக்கொண்டு திரும்பும்போது தரையைப் பார்த்துக்கொண்டு வருவேன்.

தினமும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். ஆடு ஏலம் போவதற்கு முன் சொல்லியிருக்கலாம். போன பிறகு சொன்னால் ஆட்டுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம் வந்தது. ஒரு மாதமான பிறகு, ஒரு மாதம் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் பதில் வேண்டியிருந்தது. இப்படியே கூடிக்கொண்டு போயிற்று.

அந்த வருஷங்களில் ஒரு நாள் அக்கா கோரை தோண்டிக்கொண்டிருந்தார்கள். நான் எதிரே குந்தியிருந்தேன். கோரையை இழுத்தால் இலை கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள் நின்றுவிடும், பத்து நாளில் திரும்ப முளைக்கும். அக்கா ஒரு கிழங்கை நிமிண்டி எடுத்து என்னிடம் காட்டினார்கள். "நம்ம பாவ அறிக்கை இப்படித்தான் தம்பி. இலையை மட்டும் புடுங்கி ஆண்டவர்கிட்ட நீட்டுறோம். மார்த்தா விஷயத்துல நான் அதைத்தான் பண்றேன். கிழங்கு எங்கே இருக்குதுன்னு தெரியல." நான் "ஆமாம் அக்கா" என்றேன். கிழங்கு ஒரு முழத் தூரத்தில் குந்தியிருந்தது. கோரைக்கும் கல்லுக்கும் பாடம் கண்ட அக்கா, அந்த ஆட்டைப் பற்றி மட்டும் கடைசிவரை ஒரு பாடமும் சொல்லவில்லை. காரட் பாத்தியையும் அதற்குப் பிறகு கொத்தவில்லை.

போவதற்கு ஒரு வருஷம் முன்பே அக்காவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. மூச்சும் வாங்கியது. இருதயம் பலவீனம் என்றார் டாக்டர். உப்பைக் குறைத்தோம். வீக்கம் முழங்காலுக்கு ஏறியது. ஒரு வியாழக்கிழமை டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, இனி நாட்கணக்குதான் என்றார். அன்றே போதகர் ஐயா வந்து, வீட்டிலேயே பந்தி கொடுப்பதாகச் சொன்னார்கள்.

அக்கா தலையை ஆட்டினார்கள். "மார்த்தா அங்க வாங்காம இருக்கா. எனக்கு மட்டும் வீடு தேடி வரணுமா? வேணாம் ஐயா."

தெபோராள் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கெஞ்சினாள். மார்த்தம்மாள் சொன்ன பதில்: "ஆடு தின்னுச்சுன்னு சொன்ன வாயி, தின்னலைன்னு சொல்லட்டும். அடுத்த நிமிஷம் வர்றேன்."

அதைக் கேட்டு அக்கா, "கண்ணால பாத்ததை இல்லைன்னு எப்படிச் சொல்லுவேன்? பொய்யைச் சொல்லிட்டா பந்தியில கை நீட்டணும்?" என்றார்கள்.

அவ்வளவுதான், வழி அடைத்துவிட்டது. அக்கா பந்தி இல்லாமலே போகப் போகிறார்கள் என்று தெபோராள் சமையலறையில் அழுதாள். வழி யார் வாயில் இருக்கிறது என்று வீட்டில் ஒருவனுக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையிலிருந்து பாதியில் வந்தேன். அக்கா தலையணையில் சாய்ந்து ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உட்காரவில்லை.

"அக்கா, காரட்டை ஆடு தின்னலை. நான்தான் புடுங்கினேன். களைன்னு நினைச்சுப் புடுங்கி ஆட்டுக்குப் போட்டேன்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"வாசனை வரலையா?"

"வந்துச்சு. கடைசியில."

"அப்போ நான் வந்து கேட்டப்போ உனக்குத் தெரியும்."

"தெரியும்."

தோட்டத்தில் காக்கை ஏதோ கொத்திக்கொண்டிருந்தது. அது பறந்து போகும்வரை அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திட்டுவார்கள் என்று நின்றேன். மன்னித்தேன் என்று சொல்வார்கள் என்றும் நின்றேன். இரண்டும் வரவில்லை.

"நானே அவ வூட்டுக்கு நடந்து போவணும். கால் இப்படிக் கெடக்குது. நீ போய்ச் சொல்லு, எங்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லு. வரலைன்னா என்னைக் கட்டிலோட தூக்கிட்டுப் போங்க."

மார்த்தம்மாள் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். சொன்னேன். அவர் அரிசியிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார். பிறகு எழுந்தார்.

"ரெண்டு வருஷம் ஏழு மாசம் நான் அந்தத் தூணைப் பாத்துக்கினு உக்காந்திருந்தேன். நீ மாசா மாசம் போயி வாங்கித் தின்னுட்டு வந்தே. உன் தொண்டையில அது எப்படிடா எறங்குச்சு?"

நான் அவர் வழியை மறித்தபடியே நின்றேன்.

"தள்ளு" என்று என்னை ஒதுக்கிவிட்டு வேலி இடைவெளி வழியாகவே எங்கள் வீட்டுக்கு நடந்தார்.

அக்கா அவரைப் பார்த்ததும், "மார்த்தா, ஆடு தின்னலையாம்" என்றார்கள்.

"நான் அன்னிக்கே சொன்னேனேக்கா."

"சொன்னே. நான் கேக்கல. பவுண்டுக்கு வேற அனுப்பினேன்."

"அனுப்பினே." மார்த்தம்மாள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். போர்வையை விலக்கிப் பார்த்தார். "இன்னாக்கா இது, காலா, பலாக்காயா?" என்று கேட்டுவிட்டு, அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இருவரும் அழுதார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை. முதலில் எழுதிய பட்டியல் அந்தக் காலையில் இருந்தவர்களுடையதுதான். போதகர் ஐயா முதலில் மார்த்தம்மாளுக்குக் கொடுத்தார்கள். அக்கா அப்படிக் கேட்டுக்கொண்டார்கள். அக்காவுக்கு விழுங்க முடியாததால் அப்பத்தில் ஒரு துணுக்கை ரசத்தில் நனைத்து நாவில் வைத்தார்கள். தெபோராள், ரூத், ஆசிரியை அம்மாள் எல்லோரும் வாங்கினார்கள். ஐயா என்னைப் பார்த்துக் கையசைத்தார்கள். நான் கதவிலேயே நின்றேன்.

"அவன் மொதல்ல என் ஆட்டுக் காசைக் குடுத்துட்டு வரட்டும் ஐயா" என்றார் மார்த்தம்மாள்.

ஐயா திகைத்துப் புஸ்தகத்தைப் புரட்டினார்கள். அக்கா சிரித்தார்கள். சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. இருமல் வந்து தெபோராள் நெஞ்சைத் தடவும்வரை சிரித்தார்கள். "நியாயந்தானே" என்றார்கள். அக்கா பேசிய கடைசி வார்த்தை அது. அன்று பத்தரை மணிக்கு மூச்சு நின்றது. மார்த்தம்மாள்தான் கண்ணை மூடிவிட்டார்.

நன்றி சொல்லவேண்டியவர்கள் பலர். காசு வாங்காமல் நடந்து வந்து பார்த்த டாக்டர் அவர்களுக்கும், பிரேதத்தைக் குளிப்பாட்டி உடுத்திய மார்த்தம்மாளுக்கும், மழையில் குழி வெட்டியவர்களுக்கும், நான் கேட்காமலே மூன்று நாள் சம்பளத்தோடு விடுமுறை தந்த கடை முதலாளிக்கும், யுத்த காலத்தில் காகிதம் தேடிப் பிடித்துத் தங்கள் கைப்பணத்தில் இந்த மலரை அச்சிட்டுத் தந்த பள்ளிக்கூடத்து ஆசிரியைகளுக்கும், ஒரு வருஷம் கால் பிடித்த என் மனைவிக்கும் மகளுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். பேர் விடுபட்டவர்கள் நேரில் சொல்லுங்கள், நேரில் நன்றி சொல்கிறேன்.

ஆட்டுக்குப் பன்னிரண்டு ரூபாய், வயிற்றிலிருந்த குட்டிகளுக்கு ஆறு ரூபாய் என்று மார்த்தம்மாள் சொன்னார். நான் பேரம் பேசவில்லை. மாதம் ஒரு ரூபாயாகக் கொடுத்துவருகிறேன். ரூத்துக்குக் காய்ச்சல் கண்ட மாதம் மட்டும் தவறிவிட்டது. கொடுத்து முடியும்வரை முதல் ஞாயிறுகளில் நான் என் இடத்தில்தான் இருப்பேன். யாரும் கையைப் பிடித்து எழுப்ப வேண்டாம் என்று வணக்கமாய்க் கேட்டுக்கொள்கிறேன். இன்றைய தேதிக்குப் பாக்கி ஏழு ரூபாய்.